ஈன்றோரும் ஏற்றோரும்: தமிழகக் கிறித்தவக் குடும்ப வாழ்வில் ஒரு வரலாற்று நோக்கு

தோற்றுவாய்

தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியை ஔவையார் பாடிய பாடல்களுள் ஒன்று மழலையைப் பொருளாகக் கொண்டது. மழலைக்கு யாழின் இசையொழுங்கு இல்லை, காலத்தோடு அது பொருந்துவதும் இல்லை, பொருளும் அறியவாராது. ஆயினும் தந்தையர் நெஞ்சில் அது அருள் சுரக்கச் செய்கிறது. தம் வாய்ச்சொல்லும் அத்தன்மையதே என்றும், அதனை ஏற்றுக்கொள்வது அஞ்சியின் அருளே என்றும் ஔவையார் அப்பாடலை (புறநானூறு 92) முடிக்கிறார். புலவரின் அடக்கத்தைக் காட்டும் பாட்டாகவே இது பெரிதும் கற்பிக்கப்பட்டு வருகிறது. குடும்பம் என்பது யாது என்னும் வினாவுக்குரிய விடையும் இதனுள் உண்டு. சொல்லின் தகுதி நோக்காது, சொல்பவர் தம்மவர் என்பதனாலேயே அச்சொல் ஏற்கப்படும் இடம் குடும்பம் ஆகும்.

அத்தகடூரே இன்றைய தருமபுரி. அந்நகருக்கு அருகே எழுந்து நிற்பது வத்தல்மலை. அம்மலையின் பெயரோடு பத்தாண்டு வாழ்ந்த இலக்கிய வட்டத்தின் மலரில், மலைகளோடும் மழலைகளோடும் தொடர்புடைய ஒரு வரலாற்றை நினைவுகூர்தல் பொருத்தமுடையது. தாம் ஈன்றெடுக்காத குழந்தைகளையும், உடலாலோ உள்ளத்தாலோ குறையுடையன என ஒதுக்கப்பட்ட குழந்தைகளையும் தமிழகக் கிறித்தவர்கள் எவ்வாறு தம் குடும்பத்தினராக ஏற்றனர், அந்த ஏற்புக்குச் சமயமும் மொழியும் சட்டமும் எவ்வளவு இடந்தந்தன என்பதே இக்கட்டுரையின் பொருள்.

மலையும் மக்களும்

சேர்வராயன், கல்வராயன், கொல்லி, பச்சை, சவ்வாது, சித்தேரி, வத்தல்மலை ஆகிய மலைகளில் வாழும் மலையாளிப் பழங்குடியினர், தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த உடன்பிறந்தோர் மூவர் என்று கூறுவது வழக்கம். வெவ்வேறு மலைகளில் குடியேறிய அம்மூவரின் வழியினர் தாம் என்னும் நினைவு அவர்களை இன்றும் பிணைத்து நிற்கிறது. வரலாற்றுச் சான்றுகளால் நிறுவ இயலாத கதையாயினும், மலைதோறும் பிரிந்து கிடக்கும் மக்களை ஒரு குடும்பமாக எண்ணிப் பார்த்த கதை என்ற வகையில் இது மதிக்கத்தக்கது.

இன்று வத்தல்மலைக்குச் செல்லும் சாலையில் 24 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. காப்பியும் மிளகும் சாமையும் கேழ்வரகும் விளையும் அம்மலைச் சிற்றூர்களுக்கு இச்சாலை வந்தது இந்த நூற்றாண்டில்தான். அதற்கு முன்னர் நோயுற்றாரையும் மகப்பேற்றுக்குரிய பெண்டிரையும் டோலியில் சுமந்தே கீழிறக்கினர். சாலை இல்லாத மலையில் நடக்க இயலாத குழந்தை ஒன்று பிறந்தால் அதன் உலகம் வீட்டு வாயிலோடு முடிந்துவிடும். இவ்வரலாற்றைப் படிப்போர் இதனை மனத்தில் இருத்திக்கொள்ளுதல் வேண்டும்.

வாழவந்தியில் ஒரு குடும்பம்

வத்தல்மலைக்குத் தெற்கே, நாமக்கல் மாவட்டத்தில் கொல்லிமலை உள்ளது. ஜெஸ்ஸி பிராண்ட் என்னும் ஆங்கிலேயர் 1907இல் தமிழகம் வந்தார். வெப்பநாட்டு நோய்களுக்கான மருத்துவத்தில் சிறிது காலப் பயிற்சி பெற்றிருந்த அவர், 1913இல் ஈவ்லின் ஹாரிஸ் என்பாரை மணந்து, மனைவியுடன் கொல்லிமலையின் வாழவந்தியில் குடியேறினார். மருந்து கொடுத்தல், பள்ளி நடத்துதல், தச்சு வேலை கற்பித்தல், நாரத்தை, ஆரஞ்சு முதலிய மரங்களை வளர்க்கத் தூண்டுதல் என அவர்தம் பணிகள் விரிந்தன. ஆயினும் மலைமக்கள் அவர்களுடைய சமயத்தை ஏற்க முன்வரவில்லை. ஊர்ப் பூசாரியின் எதிர்ப்பு அதற்கு முதன்மைக் காரணமாக இருந்தது.

1918, 1919ஆம் ஆண்டுகளில் உலகை வாட்டிய நச்சுச்சளிக் காய்ச்சல் மலையையும் விட்டுவைக்கவில்லை. ஊரார் நோயுற்றாரை விட்டகன்ற வேளையில் பிராண்ட் இணையர் வீடு வீடாகச் சென்று கஞ்சி ஊட்டினர். அவர்களை எதிர்த்து நின்ற பூசாரியும் அவர்தம் மனைவியும் அந்நோயால் சாகக் கிடந்தனர். அந்நிலையில் பூசாரி தம் கைக்குழந்தையைப் பிராண்ட் இணையரிடம் ஒப்படைத்தார். உயிருக்கும் சாவுக்கும் இடையே பல நாள் ஊசலாடிய அக்குழந்தை பிழைத்தது. அதற்கு ரூத் என்று பெயரிட்டனர்.

இப்பெயர்த் தேர்வு நோக்கத்தக்கது. விவிலியத்தில் ரூத் என்பவள் மோவாப் நாட்டினள். கணவனை இழந்தபின் தன் மாமியாரைப் பிரிய மனமின்றி, அவர்தம் மக்களையே தன் மக்களாகவும் அவர்தம் கடவுளையே தன் கடவுளாகவும் கொண்டவள். பிறப்பால் அமையாத உறவை விருப்பத்தால் அமைத்துக்கொண்ட பெண்ணின் பெயர் அது. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. விவிலியத்து ரூத் தானே தேர்ந்தாள். கைக்குழந்தைக்குத் தேர்வு ஏது? புதுப் பெயரோடு அதன் பழைய குலமும் வழிபாடும் அதனிடமிருந்து விலகின. ஏற்றெடுத்தலின் பேறும் இழப்பும் ஒரே நாளில் நிகழ்ந்தன என்பதை வரலாற்று நோக்குடையோர் மறைத்தல் கூடாது. சாகும் தந்தை தாமே கையளித்தார் என்பது அவ்விழப்புக்கு ஓர் ஆறுதல் எனலாம்.

ரூத்தைத் தொடர்ந்து கைவிடப்பட்ட குழந்தைகள் பலர் அவ்வீட்டுக்கு வந்தனர். ஆனால் பிராண்ட் இணையர்க்குப் பிறந்த குழந்தைகளாகிய பால், கோனி ஆகிய இருவரின் நிலை வேறாயிற்று. 1923இல் விடுமுறையில் இங்கிலாந்து சென்ற பெற்றோர், கல்வியின் பொருட்டு அவ்விருவரையும் உறவினரிடம் விட்டுத் தாம் மட்டும் மலைக்குத் திரும்பினர். 1929 சூனில் ஜெஸ்ஸி கருநீர்க் காய்ச்சலால் இறந்தார். பால் தம் தந்தையை மீண்டும் காணவே இல்லை. இறப்புச் செய்தி தந்தியாக முந்தி வந்தது. தந்தை உயிரோடிருந்தபோது எழுதிய மடல்கள் அதன்பின் கப்பலில் வந்து சேர்ந்தன. பிறர் குழந்தைகளுக்குத் தாய் தந்தையரானோர் தம் குழந்தைகளுக்கு மடல்களாக மட்டுமே இருந்தனர். அக்கால அயல்நாட்டு அருட்பணியாளர் குடும்பங்கள் பலவற்றின் நிலையும் இதுவே. தியாகம் என்ற ஒரு சொல்லால் இதனைக் கடந்துவிட இயலாது. அத்தியாகத்தின் விலையைப் பெற்றோரைவிடப் பிள்ளைகளே மிகுதியாகச் செலுத்தினர்.

ஈவ்லின் அம்மையார் பணிநிறைவு பெற்ற பின்னரும் இங்கிலாந்து திரும்ப மறுத்து மலைகளிலேயே தங்கினார். கல்வராயன், பச்சைமலை என மலை மலையாக மட்டக்குதிரையில் ஏறி மருந்து கொடுத்துவந்த அவர், 1974 திசம்பரில் தம் 95ஆம் அகவையில் மறைந்தார். வாழவந்தியில் கணவரின் கல்லறைக்கு அருகே அவர் அடக்கம் செய்யப்பட்டார். பால் பிராண்ட் 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயால் மடங்கிய விரல்களை அறுவை மருத்துவத்தால் நிமிர்த்தி உலகப் புகழ் பெற்றார். தொழுநோயர் விரல்களை இழப்பது நோய் நேரே அவற்றைத் தின்பதால் அன்று, வலியுணர்வு அற்றுப்போவதால் நேரும் காயங்களாலேயே என்று அவர் விளக்கினார். வலி ஒரு கொடை என்பது அவர்தம் பிற்கால எழுத்துகளின் மையக் கருத்தாயிற்று.

டோனாவூரின் உறவுப் பெயர்கள்

கொல்லிமலைக்குத் தெற்கே வெகுதொலைவில், திருநெல்வேலி மாவட்டத்து மேற்குமலை அடிவாரத்தில் டோனாவூர் உள்ளது. அயர்லாந்தில் 1867இல் பிறந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1895இல் இந்தியா வந்தார். 1901 மார்ச்சு 7ஆம் நாள், கோயிலுக்கு ஒப்படைக்கப்படவிருந்த சிறுமி ஒருத்தி தப்பி அவரிடம் வந்து சேர்ந்தாள். அந்நாளே டோனாவூர் இல்லத்தின் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. 1918 முதல் ஆண் குழந்தைகளும் சேர்க்கப்பட்டனர். 1931இல் கீழே விழுந்து காயமுற்ற அம்மையார், 1951இல் மறையும்வரை இருபதாண்டுகள் பெரும்பாலும் படுக்கையிலேயே கழித்தார். உடல் இயலாத நிலையை வெளியிலிருந்து கண்டவராக அன்றி, உள்ளிருந்தே அறிந்தவராக அவர் அக்காலத்தில் எழுதினார்.

மொழியறிஞர் கருத்தைக் கவர்வது அவ்வில்லத்தின் உறவுப் பெயர் முறையாகும். அங்கே தாயாக இருந்தவர் ‘அம்மா’. அயல்நாட்டிலிருந்து வந்து உதவிய பெண்டிர் ‘சித்தி’. தமிழ்ப் பெண் ஊழியர் ‘அக்காள்’. ஆண் ஊழியர் ‘அண்ணாச்சி’. விடுதிக் காப்பாளர், கண்காணிப்பாளர் முதலிய பதவிப் பெயர்கள் அங்கே குழந்தைகளின் நாவில் இடம்பெறவில்லை. நெல்லை வட்டார வழக்கின் உறவுச் சொற்களே நிறுவனத்தைக் குடும்பமாக்கின. மற்றொன்றும் குறிப்பிடத்தக்கது. குழந்தைகள் பலர்க்குப் பிறந்த நாள் தெரியாது. ஆகவே அவர்கள் இல்லத்துக்கு வந்த நாளே விழாவாகக் கொண்டாடப்பட்டது. பிறந்த நாளுக்கு மாற்றாக ‘வந்த நாள்’ என்னும் கருத்து, ஏற்றெடுத்தலுக்குத் தமிழகத்தில் உருவான அரிய உருவகங்களுள் ஒன்று எனலாம்.

இதன் மறுபக்கமும் உண்டு. குழந்தைகளின் உறவினர் அம்மையார் மீது வழக்குத் தொடுத்ததும் உண்டு. கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடைசெய்யும் சென்னை மாகாணச் சட்டம் 1947இல்தான் வந்தது. அதற்கு முற்பட்ட காலத்தில் அடைக்கலம் தந்தவரின் உரிமை சட்டத்தின்முன் வலுவற்றதாகவே இருந்தது. குழந்தைகள் அவரை அம்மா என்றனர். சட்டம் அவ்வாறு அழைக்கவில்லை.

எச்சமும் இயல்பும்

குறையுடைய பிறப்பைப் பற்றிய தமிழ் மரபின் குரல் ஒருதன்மைத்தன்று. உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளியைப் பாடிய பாடல் (புறநானூறு 28) பார்வையின்மை, கூன், குறள், ஊமை, செவிடு முதலாக எட்டு வகை எச்சங்களை எண்ணி, அத்தகு பிறப்பால் பயனில்லை என்னும் முன்னோர் கருத்தை எடுத்துரைக்கிறது. வள்ளுவரோ பொறியின்மை யார்க்கும் பழியாகாது என்றார். ‘பொறி’ என்பதற்கு விதி எனப் பரிமேலழகர் பொருள் கொண்டார்; உறுப்பு எனப் பொருள் கொள்வாரும் உளர். பின்னைய பொருள் கொள்ளின், சங்கப் பாடல் பயனின்மை கண்ட இடத்தில் குறள் பழியின்மை கண்டது எனலாம்.

இவ்வினாவைக் கிறித்தவ நூல்கள் எதிர்கொண்ட இடங்கள் இரண்டு. பிறவியிலேயே பார்வையற்ற ஒருவனைக் கண்ட சீடர்கள், இது இவன் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என வினவ, இரண்டும் அன்று என இயேசு மறுத்ததை யோவான் நற்செய்தி கூறுகிறது. குறையுடைய குழந்தையைப் பெற்ற தாய்மார் இருபது நூற்றாண்டுகளாக இப்பகுதியை நாடி வந்ததன் காரணம் எளிதில் விளங்கும். குற்றம் யாருடையது என்னும் கேள்வியே அங்குத் தள்ளுபடியாகிறது.

மற்றோர் இடம் சாமுவேல் இரண்டாம் நூலில் வரும் மேவிபோசேத்தின் வரலாறு. ஐந்து அகவையில், போர்ச் செய்தி கேட்டு அஞ்சி ஓடிய செவிலியின் கையிலிருந்து விழுந்து இரு காலும் முடமானவன் அவன். தாவீதைப் பகைத்த சவுலின் பேரன். தாவீது அவனைத் தேடி அழைத்து, அரச மக்களுள் ஒருவனாகத் தன் பந்தியில் நாள்தோறும் உண்ணச் செய்தான். ஏற்றெடுத்தலும் ஊனமும் ஒரே மாந்தனிடம் கூடிய வரலாறு இது. அவன் கால்கள் குணமானதாக நூல் கூறவில்லை. இறுதிவரை அவன் முடவனாகவே இருக்கிறான். பந்தியில் அவனுக்குரிய இடமும் இறுதிவரை இருக்கிறது. அற்புதம் நிகழாத இவ்வரலாறே குறையுடைய குழந்தைகளை வளர்ப்போர்க்கு அற்புதக் கதைகளினும் அணுக்கமானதாக அமைகிறது.

இக்கருத்துகள் தமிழகத்தில் நிறுவனங்களாக உருப்பெற்றன. பாளையங்கோட்டையில் 1890இல் ஆஸ்க்வித் அம்மையாரால் பார்வையற்றோர் பள்ளியும், 1897இல் புளோரன்ஸ் சுவெய்ன்சன் அம்மையாரால் காதுகேளாதோர் பள்ளியும் தொடங்கப்பட்டன. கற்பிக்க இயலாதவர் எனக் கருதப்பட்ட குழந்தைகளுக்கு எழுத்தும் தொழிலும் கற்பிக்கப்பட்டன. வேலூரில் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் நேர்ந்த ஊர்தி விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். பால் பிராண்டின் ஊக்கத்தால் சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயரின் கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்தார். பின்னர் நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று வந்து, வேலூரில் 1966இல் மறுவாழ்வு நிலையம் அமையக் காரணமானார். 1972இல் அவருக்குப் பத்மசிறீ விருது வழங்கப்பட்டது. உதவி பெறுபவராக மட்டும் எண்ணப்பட்டவர் உதவி செய்பவராக மாறிய திருப்பம் இது.

இவற்றுக்கு இணையான அயல்நாட்டுச் சான்று ஒன்றும் உண்டு. சீனத்தில் அருட்பணியாளர் மகளாக வளர்ந்து, 1938இல் நோபல் பரிசு பெற்ற பெர்ல் பக் அம்மையாரின் ஒரே பிறப்பு மகள் அறிவு வளர்ச்சி குன்றியவள். பீனைல்கீட்டோனூரியா என்னும் அந்நோயை நார்வே மருத்துவர் ஃபோலிங் 1934இல் கண்டறிந்து வெளியிட்டார். அம்மகளோ அதற்குப் பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பே பிறந்துவிட்டாள். பல ஆண்டுகள் மகளைப் பற்றி வெளிப்படப் பேசாதிருந்த அம்மையார் 1950இல் அவளைப் பற்றி நூல் எழுதினார். குழந்தைகள் பலரை ஏற்று வளர்த்த அவர், கலப்பினக் குழந்தைகளை ஏற்க நிறுவனங்கள் மறுத்தபோது 1949இல் தாமே ஓர் இல்லம் கண்டார். புகழ்பெற்ற எழுத்தாளர்க்கும் தம் குழந்தையைப் பற்றிய ஒரு நூலை எழுத முப்பது ஆண்டுகள் தேவைப்பட்டன. எழுத்தறியாத மலைநாட்டுத் தாயின் மௌனம் எத்தகையது என்பதை இதனால் உய்த்துணரலாம்.

சட்டத்தின் வாயிலில்

கிறித்தவச் சிந்தனையில் ஏற்றெடுத்தல் ஓர் அறச்செயல் மட்டும் அன்று. மீட்புக் கொள்கையின் மையமும் ஆகும். தூய பவுல் தம் மடல்களில், மாந்தர் கடவுளின் மக்களாவதை உரோமானிய வழக்கிலிருந்த தத்தெடுப்புச் சொல்லாலேயே விளக்கினார். தத்துப்பிள்ளைக்குப் பிறந்த பிள்ளையின் உரிமை முழுதும் உண்டு என்பதே அவ்வுவமையின் வலிமை. தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பாளர்கள் அதனைப் ‘புத்திர சுவிகாரம்’ எனப் பெயர்த்தனர். தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் கிறித்தவர் இச்சொல்லைக் கோயிலில் கேட்டு வந்தனர்.

ஆனால் கோயிலுக்கு வெளியே அவர்களுக்கு அவ்வுரிமை இருந்ததில்லை. 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டம் கிறித்தவர்க்குப் பொருந்தாது. 1890ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டத்தின்கீழ் அவர்கள் ஒரு குழந்தைக்குப் பாதுகாவலர் ஆகலாம். பெற்றோர் ஆக இயலாது. குழந்தை பருவமெய்தியதும் அவ்வுறவு சட்டத்தின் கண்ணில் முடிந்துவிடும். வாரிசுரிமை தானே வராது. கடவுள்முன் மகன், பதிவேட்டில் பாதுகாக்கப்படுபவன் என்னும் இருநிலை பல குடும்பங்களில் நீடித்தது. அக்குழந்தை அறிவு வளர்ச்சி குன்றியதாயின் துன்பம் இருமடங்காயிற்று. அகவை வந்தும் தன்னைக் காத்துக்கொள்ள இயலாத அதற்கு, வளர்த்தோரின் காலத்துக்குப்பின் யார் துணை?

இங்கு வத்தல்மலையோடு எதிர்பாராத ஓர் ஒற்றுமை புலப்படுகிறது. 1956ஆம் ஆண்டுச் சட்டம், நடுவணரசு தனியே அறிவித்தாலன்றி, அட்டவணைப் பழங்குடியினர்க்கும் பொருந்தாது. மலையாளிப் பழங்குடியினர் தம் வழக்காற்றின்படியே குழந்தைகளை ஏற்றனர். மலைமேல் வாழ்ந்த பழங்குடித் தாயும் சமவெளியில் வாழ்ந்த கிறித்தவத் தாயும் ஒரே சட்டத்தின் வாயிலுக்கு வெளியே நின்றனர் என்பது வரலாறு காட்டும் உண்மை.

வாயில் மெல்லவே திறந்தது. 1999இல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டம், மூளை முடக்குவாதம், புறவுலகச் சிந்தனையின்மை, அறிவு வளர்ச்சிக் குறை, பல்வகைக் குறை ஆகியவற்றையுடையோர்க்கு அகவை வந்தபின்னும் சட்டப்படியான பாதுகாவலரை அமர்த்த வழி செய்தது. 2000ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டமும் அதன் 2006ஆம் ஆண்டுத் திருத்தமும் சமய வேறுபாடின்றித் தத்தெடுக்க இடமளித்தன. அச்சட்டவழி எச்சமயத்தவரும் தத்தெடுக்கலாம் என உச்ச நீதிமன்றம் 2014இல் தெளிவுபடுத்தியது. எனினும் தத்தெடுத்தலை அடிப்படை உரிமையாக அறிவிக்க அந்நீதிமன்றம் முன்வரவில்லை. 2015இல் புதிய சட்டம் முன்னையதன் இடத்தைப் பெற்றது.

தருமபுரிக்கு இவ்வரலாற்றில் துயரமான ஓர் இடமும் உண்டு. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992இல் சேலத்தில் தொடங்கப்பட்ட தொட்டில் குழந்தைத் திட்டம், 2001இல் தருமபுரி உள்ளிட்ட மாவட்டங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. பெண் என்பதே ஒரு குறையாகக் கருதப்பட்ட சூழலில், பெண்ணாகவும் உடற்குறையோடும் பிறந்த குழந்தையின் நிலையைச் சொல்ல வேண்டுவதில்லை. தொட்டில் உயிரைக் காத்தது. குடும்பத்தைத் தருவது தொட்டிலால் ஆகாது. தொட்டிலில் இடப்பட்ட குழந்தையைத் தேடி வரும் கைகளையே அது எதிர்நோக்கி இருந்தது.

நிறைவாக

பாரி மறைந்தபின் அவன் மகளிரைத் தம் மக்களெனக் கொண்டு மன்னர் வாயில்தோறும் அழைத்துச் சென்ற கபிலரைத் தமிழுலகம் புலவராகப் போற்றுகிறது. வளர்ப்புத் தந்தையாகப் போற்றியது குறைவு. துளசித் தோட்டத்தில் கண்டெடுத்த பெண்மகவை வளர்த்த பெரியாழ்வாரைப் பற்றியும் இதுவே கூறலாம். ஏற்றெடுத்தல் தமிழ் மரபுக்கு அயலானது அன்று. கொல்லிமலையும் டோனாவூரும் அம்மரபோடு புதிதாகச் சேர்த்தவை, குருதித் தொடர்போ குலத் தொடர்போ நட்புக் கடனோ இல்லாத குழந்தையும், கற்பிக்க இயலாது என்று ஒதுக்கப்பட்ட குழந்தையும் அவ்வுறவுக்கு உரியன என்னும் துணிவும், அதற்கான நிறுவன அமைப்பும் ஆகும். அத்துணிவோடு பெயர் மாற்றமும் குல இழப்பும் பிள்ளைப் பிரிவும் கலந்திருந்தன என்பதையும் உடன் சொல்லுதல் நேர்மை.

சொற்களும் இவ்வரலாற்றில் நடந்து வந்துள்ளன. ‘எச்சம்’ என்றும் ‘முடம்’ என்றும் வழங்கிய நிலை மாறி ‘ஊனமுற்றோர்’ வந்தது. 2010ஐ ஒட்டித் தமிழக அரசின் ஆட்சிமொழியில் ‘மாற்றுத்திறனாளி’ நிலைபெற்றது. ஆனால் ஏற்றெடுத்த குழந்தையைக் குறிக்க இன்றும் ‘வளர்ப்பு மகள்’, ‘தத்துப்பிள்ளை’ என அடைமொழியோடு கூடிய சொற்களே வழக்கில் உள்ளன. அரசாணை ஒரு சொல்லை மாற்ற இயலும். அடைமொழி உதிர்ந்து ‘மகள்’ என்று மட்டும் நிற்கும் நிலையைப் பாட்டும் புழக்கமுமே தர இயலும். கவிஞர்கள் நிறைந்த வட்டத்துக்கு இது அயலான வேலை அன்று.

தகடூரின் அவையில் ஔவை சொன்னது அதுவே. மழலையின் இசையை யாழோடு வைத்து அளப்பவன் தந்தை ஆகான். சொல் திருந்தாத குழந்தையும், நடை திருந்தாத குழந்தையும், எங்கிருந்தோ வந்து சேர்ந்த குழந்தையும் வேண்டி நிற்பது அஞ்சியிடம் ஔவை கண்ட அருள் ஒன்றையே. வத்தல்மலையின் சிற்றூர் ஒன்றில் இன்று பிறக்கும் குறையுடைய குழந்தைக்குச் சாலை உண்டு, சட்டமும் உண்டு. அதன் மழலையைக் கேட்க அமர்ந்திருப்பவர் உண்டா என்பதே எஞ்சிய வினா.